ரோலர் கோஸ்டர் வீடியோவுக்கு எந்த ஆக்‌ஷன் கேமரா? வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

லீவு விட்டாச்சு, தீம் பார்க் டிக்கெட்டும் போட்டாச்சு. அடுத்து வீட்டில் எழும் கேள்வி இதுதான்: "ரோலர் கோஸ்டர்ல போறதை எப்படி வீடியோ எடுக்கிறது?"

ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். தண்டவாளம் நம் முகத்துக்கு நேராகப் பாயும், வானமும் தரையும் இடம் மாறும், பின்னணியில் யாரோ "அம்மா!" என்று அலறுவார்கள். அதே மாதிரி ஒன்றை எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட ஆசை வராதா என்ன? உடனே ஷாப்பிங் ஆப்பில் 'ஆக்‌ஷன் கேமரா' என்று தேடினால், சில ஆயிரங்களில் தொடங்கி அரை லட்சம் வரை வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாவற்றிலும் '4கே' என்று எழுதியிருக்கிறது. எதை வாங்குவது?

சொல்கிறேன். ஆனால், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் ஏறப்போகும் ரைடில் கேமராவை அனுமதிப்பார்களா?

கேமராவா, கிரிக்கெட் பந்தா?

கோப்ரோ ஹீரோ 13 பிளாக் கேமராவின் எடை 159 கிராம். ஒரு கிரிக்கெட் பந்தின் எடை 156 முதல் 163 கிராம். சொல்லி வைத்தாற்போல இரண்டும் ஒன்றுதான். மணிக்கு 100 கி.மீ வேகத்தில் போகும் கோஸ்டரில் கேமரா கழன்றால், அது அந்த வேகத்தோடுதான் பறக்கும். கீழே க்யூவில் நிற்பவர் ஹெல்மெட் போட்டிருக்க மாட்டார். பார்க் ஊழியர்கள் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பதும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்வதும் இதனால்தான்.

2019-ல் ஸ்பெயினின் போர்ட் அவென்ச்சுரா பூங்காவில், ஷம்பாலா என்ற கோஸ்டரில், முன்னால் இருந்த ஒருவரின் கையிலிருந்து போன் நழுவிப் பறந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த நியூசிலாந்துக்காரர் அதைக் காற்றிலேயே 'கேட்ச்' பிடித்தார். அந்த வீடியோ உலகமெங்கும் வைரலானது. கேட்ச் விட்டுப்போயிருந்தால் அந்தப் போன் யார் தலையில் விழுந்திருக்கும் என்று அப்போது யாரும் அதிகம் யோசிக்கவில்லை.

இன்னொரு சம்பவம் வைரலாகும் ரகம் அல்ல. 2015 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள சீடர் பாயின்ட் பூங்காவில், ரைடில் தவறிய பொருளைத் தேடி ஒருவர் வேலி தாண்டி உள்ளே போனார். ஓடிக்கொண்டிருந்த 'ராப்டர்' கோஸ்டர் மோதி இறந்துபோனார். பொருள் போனால் போகட்டும், ஊழியரிடம் சொல்லுங்கள். வேலியைத் தாண்டாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு வரியை மட்டும் நினைவில் வைப்பதென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

அதே 2015-ல், டிஸ்னி தன் பூங்காக்களில் செல்ஃபி ஸ்டிக்கையே தடை செய்தது. கலிஃபோர்னியாவில் ஓடும் கோஸ்டரில் ஒருவர் செல்ஃபி ஸ்டிக்கை நீட்ட, ரைடையே நிறுத்த வேண்டியதாகிப்போன சில நாள்களில் வந்த முடிவு அது.

விதிகள் பார்க்குக்குப் பார்க் மாறும். ஒரே பார்க்கில் ரைடுக்கு ரைடும் மாறும். டிக்கெட் போடும்போதே கஸ்டமர் கேருக்கு போன் செய்து இரண்டு விஷயம் கேளுங்கள். எந்த ரைடில் கேமராவுக்கு அனுமதி? எப்படி மாட்டியிருக்க வேண்டும்? அங்கே 'சரி' என்று சொல்லியிருந்தாலும், ரைடில் நிற்கும் ஆபரேட்டர் 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான்.

கையில் இருக்கிற போன் போதாதா?

போதாது. போனைக் கையில் பிடித்துதான் எடுக்க வேண்டும். கோஸ்டரில் கைக்குப் பிடிக்கவே வேறு வேலை இருக்கும். தவிர, பல போன்களின் கேமராவுக்குள் லென்ஸை அசைத்து நடுக்கத்தைச் சமாளிக்கும் நுட்பமான பாகங்கள் உண்டு. பைக் இன்ஜினின் பலமான அதிர்வுகள் தொடர்ந்து தாக்கினால் ஐபோன் கேமராவின் தரம் குறையலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்தது.

2022-ல் இன்னொரு வேடிக்கை. விபத்து நடந்தால் தானாக அவசர எண்ணுக்கு அழைக்கும் வசதி ஐபோன் 14-ல் வந்தது. அமெரிக்காவில் கோஸ்டரில் போனவர்களின் பாக்கெட்டில் இருந்த போன்கள், 'இது கார் விபத்து' என்று நினைத்து 911-க்கு அழைத்துவிட்டன. பாவம், போனும் பயந்துபோயிருக்கும்!

முதலில் பட்டை, அப்புறம்தான் கேமரா

கோப்ரோ பிறந்த கதையே இதற்குப் பாடம். அதன் நிறுவனர் நிக் உட்மேன் ஓர் அலைச்சறுக்கு பிரியர். 2002-ல் அவர் தொடங்கியபோது செய்ய நினைத்தது கேமரா அல்ல; அலையில் சறுக்கும்போது கேமரா நழுவாமல் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் பட்டை. அதற்குத் தோதான கேமரா கிடைக்காததால் கேமராவையும் தானே விற்க ஆரம்பித்தார். 2004-ல் வந்த முதல் கோப்ரோ, ஃபிலிம் ரோல் போடும் கேமரா!

நீங்களும் அதே வரிசையில் யோசியுங்கள். எங்கே, எப்படி மாட்டப்போகிறோம் என்பதை முடிவு செய்துவிட்டுக் கேமராவைத் தேர்ந்தெடுங்கள்.

* நெஞ்சுப் பட்டை: தோளிலும் முதுகிலும் இறுக்கிக் கட்டுவது. இருப்பதில் ஓரளவு உறுதியானது இதுதான். கைகளும் ஃபிரேமில் வரும், ஆடுவதும் குறைவு. ஆனால் தொடைக்கு மேல் கம்பி மட்டும் இறங்கும் கோஸ்டர்களுக்கே இது சரிவரும். தோளுக்கு மேலிருந்து இறங்கி நெஞ்சை அழுத்தும் ஹார்னஸ் என்றால் நடுவில் கேமரா மாட்டிக்கொள்ளும். ஹார்னஸ் முழுதாகப் பூட்டவிடாமல் எதுவும் குறுக்கே இருக்கவே கூடாது.
* மணிக்கட்டுப் பட்டை: கழன்று விழும் வாய்ப்பு குறைவு. ஆனால் கை ஆடும்போதெல்லாம் படமும் ஆடும்.
* தலைப் பட்டை: வேண்டாம். காற்றும் திருப்பங்களும் சேர்ந்தால் உருவிக்கொண்டு போய்விடும்.
* காந்த மவுன்ட்: சட்டையில் ஒட்டிக்கொள்ளும் காந்தம் நடைப்பயணத்துக்குச் சரி. கோஸ்டரை நம்பி அதில் ஏற்றாதீர்கள்.
* பல்லில் கடிக்கும் மவுன்ட்: ஒரு குலுக்கல் போதும், செலவு பல் டாக்டரிடம் போய் முடியும்.

எதில் மாட்டினாலும் கேமராவுக்குத் தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு போடுங்கள். அதை பெல்ட்டிலோ மணிக்கட்டிலோ கட்டுங்கள். கழுத்தில் கட்டவே கூடாது. எங்காவது சிக்கினால் ஆபத்து.

கேமராவில் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஸ்டெபிலைசேஷன்: முதல் இடம் இதற்குத்தான். கேமராவுக்குள் இருக்கும் கைரோஸ்கோப் ஒவ்வொரு அசைவையும் அளக்கும். அதற்கு ஏற்ப மென்பொருள் படத்தின் ஓரங்களை வெட்டி, நகர்த்தி, நிலையாக்கும். கோப்ரோவில் இது ஹைப்பர்ஸ்மூத் என்ற பெயரில் 2018-ல் ஹீரோ 7 பிளாக்கில் வந்தது. இன்று டி.ஜே.ஐ, இன்ஸ்டா360 இரண்டிலும் நன்றாகவே இருக்கிறது. குறைந்த விலை கேமராக்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். பெட்டியில் 4கே என்று போட்டிருந்தாலும், சில கேமராக்கள் குறைந்த தரத்தில் எடுத்துப் பெரிதாக்கித்தான் தருகின்றன. நிலையாக நிற்காத 4கே-வை விட நிலையாக நிற்கும் 1080பி மேல்.

ஹொரைசன் லாக்: கேமரா எவ்வளவு சாய்ந்தாலும் படத்தை நேராகவே வைத்திருக்கும் வசதி. பைக், சைக்கிள் பயணங்களுக்கு அருமை. கோஸ்டரில் இதை அணைத்துவிடுங்கள். ரயில் திருகிச் சுழலும்போது கேமரா அதை நேராக்கிக் காட்டினால், வீடியோவில் நீங்கள் சும்மா நேராகப் போவதுபோலத்தான் தெரியும். காசு கொடுத்ததே தலைகீழாகத் தொங்கத்தானே? அதையே அழித்துவிட்டால் எப்படி? ஸ்டெபிலைசேஷனையும் உச்சத்தில் வைக்காமல் நடுத்தரத்தில் வையுங்கள். கொஞ்சம் அதிர்ந்தால்தான் வேகம் தெரியும்.

அகலமான கோணம்: 'வைட்' வைத்தால் ஓரங்கள் சரசரவென்று பின்னால் ஓடும்; வேகம் கூடியதுபோல இருக்கும். பக்கத்து சீட்டில் இருப்பவரின் முகபாவமும் விழும். 'லீனியர்' வைத்தால் கோடுகள் நேராக இருக்கும், த்ரில் குறையும்.

இருட்டில் எப்படி? பகல் வெளிச்சத்தில் நல்ல கேமராக்களுக்குள் பெரிய வித்தியாசம் தெரியாது. மாலையிலும், மும்பை - புனே சாலையில் உள்ள இமேஜிகாவின் டீப் ஸ்பேஸ் மாதிரி கட்டடத்துக்குள் இருட்டில் ஓடும் கோஸ்டர்களிலும்தான் சாயம் வெளுக்கும். வெளிச்சம் குறைந்தால் கேமரா ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்துக்குள் ரயில் குலுங்கினால் படம் இழுத்துத் தேய்த்ததுபோல ஆகிவிடும். ஸ்டெபிலைசேஷனால் அதைச் சரிசெய்ய முடியாது. பெரிய சென்சார் இங்கே உதவும்.

சத்தம்: அபுதாபி ஃபெராரி வேர்ல்டில் உள்ள ஃபார்முலா ரோஸா மணிக்கு 240 கி.மீ வேகம் தொடும். காற்றுக்காகவே பயணிகளுக்குக் கண்ணாடி மாட்டிவிடுவார்கள். நம்மூர் கோஸ்டர்கள் அவ்வளவு வேகம் இல்லை என்றாலும், மைக்கில் 'புர்ர்ர்' என்று காற்று மட்டும் பதிவாக இந்த வேகமே போதும். காற்றிரைச்சலைக் குறைக்கும் அமைப்பை மறக்காமல் ஆன் செய்யுங்கள். அந்த அலறல்தானே வீடியோவின் உயிர்!

யாருக்கு எது?

பகலில், வெளியில் ஓடும் ரைடுகள்: கோப்ரோ ஹீரோ 12 அல்லது 13 பிளாக். மவுன்ட், பட்டை போன்ற துணைப் பொருள்கள் எளிதாகக் கிடைப்பது கூடுதல் லாபம்.

மாலை, இருட்டு ரைடுகள்: டி.ஜே.ஐ ஆஸ்மோ ஆக்‌ஷன் 4, ஆக்‌ஷன் 5 ப்ரோ அல்லது இன்ஸ்டா360 ஏஸ் ப்ரோ 2. மூன்றிலும் 1/1.3 இன்ச் சென்சார். கோப்ரோவில் இருப்பது அதைவிடச் சின்னதான 1/1.9 இன்ச். ஆக்‌ஷன் 5 ப்ரோவில் 47 ஜி.பி சேமிப்பு உள்ளேயே இருப்பதால், கார்டை மறந்துவிட்டு வந்தாலும் சமாளிக்கலாம்.

எடை குறைவாக வேண்டும் என்பவர்களுக்கு: இன்ஸ்டா360 கோ 3எஸ். வெறும் 39 கிராம், 4கே எடுக்கும். பேட்டரி சின்னதுதான், ஆனால் ஒரு ரைடு இரண்டு, மூன்று நிமிடங்கள்தானே. காந்தத்தை மட்டும் நம்பாமல், கிளிப்பும் கயிறும் போட்டு மாட்டுங்கள்.

360 கேமரா: இன்ஸ்டா360 எக்ஸ்4 போன்றவை எல்லாப் பக்கமும் எடுக்கும், கோணத்தை வீட்டில் வந்து தேர்வு செய்யலாம். ஆனால் இதன் மேஜிக்குக்கு நீளமான ஸ்டிக் வேண்டும், கோஸ்டரில் ஸ்டிக்குக்கு இடமில்லை. எடையும் 200 கிராமைத் தாண்டும். கோஸ்டருக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம்.

முன்னணி மாடல்கள் பலவும் 30,000 ரூபாயைத் தாண்டுபவை. வருடத்துக்கு ஒரு தீம் பார்க் போகும் குடும்பம் அவ்வளவு செலவு செய்யத் தேவையே இல்லை. பெரிய ஊர்களில் கேமரா வாடகைக்குக் கிடைக்கிறது. ஒருநாள் எடுத்துப் பாருங்கள். ட்ரெக்கிங், பைக் ரைடு, நீச்சல் என்று வருடம் முழுக்கப் பயன்படும் என்றால் மட்டும் சொந்தமாக வாங்கலாம். வாங்கும்போது இந்திய வாரன்டி இருக்கிறதா என்று பில்லில் பாருங்கள்.

ரைடுக்கு முன் ஐந்தே நிமிடம்

* 4கே, 60 ஃபிரேம் வையுங்கள். இருட்டு ரைடு என்றால் 30 ஃபிரேம்.
* 'வி30' என்று போட்ட மெமரி கார்டு வாங்குங்கள். நல்ல தரத்தில் எடுத்தால் நொடிக்குச் சுமார் 15 எம்.பி ஆகும், இரண்டு நிமிட ரைடு 2 ஜி.பி-க்குள் அடங்கிவிடும். 64 ஜி.பி கார்டு ஒரு நாளுக்குத் தாராளம்.
* க்யூவில் நிற்கும்போது கேமராவை ஆன் செய்து வைக்காதீர்கள். நம்மூர் வெயிலில் சூடாகி, சரியாக ஏறும் நேரத்தில் அணைந்துவிடும். ஒரே பட்டனில் ஆன் ஆகிப் பதிவையும் தொடங்கும் வசதி இருக்கும்; அதைப் பழகிக்கொள்ளுங்கள்.
* லென்ஸைத் துடையுங்கள். சன்ஸ்க்ரீன் தடவிய விரல் பட்டால் படம் முழுக்கப் புகைமூட்டம்தான்.
* மவுன்ட்டின் ஸ்க்ரூவை இறுக்கிவிட்டு, ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் ஏறாதீர்கள்.

'அனுமதி இல்லை' என்றால்?

நாம் வியந்து பார்க்கும் முன்சீட் வீடியோக்களில் பல, பார்க்கின் அனுமதியோடு, கூட்டம் வருவதற்கு முன்பாக, கேமராவை ரயிலிலேயே உறுதியாகப் பொருத்தி எடுத்தவை. அவை வேறு கணக்கு.

உங்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. வீட்டில் ரைடு ஏறப் பயப்படும் ஒருவர் கண்டிப்பாக இருப்பார். அவரிடம் கேமராவைக் கொடுத்து, வேலிக்கு வெளியே முதல் இறக்கம் தெரியும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். க்யூவில் நிற்கும்போது இருக்கும் கெத்தையும், இறங்கி வரும்போது வெளிறிப்போன முகத்தையும் எடுங்கள். இரண்டையும் சேர்த்து வெட்டினால், தண்டவாளத்தைவிட நல்ல வீடியோ கிடைக்கும். பல பார்க்குகளில் ரைடின் நடுவே பொருத்திய கேமராவில் எடுத்த போட்டோவை விற்பார்கள். பாட்டி கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு படம் கொடுத்த காசுக்கு மேலே போகும்.

தண்டவாளம் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கும், நாளைக்கும் அப்படியேதான் இருக்கும். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போடுவார்கள். உங்கள் வீட்டுக் குட்டிப்பையன் முதல்முறை பயந்த முகம் ஒரே ஒருமுறைதான். அதனால், 'கேமராவை லாக்கரில் வையுங்க' என்று ஊழியர் சொன்னால் வாதாடாமல் வைத்துவிட்டு ஏறுங்கள். இரண்டு கையும் காலியாக இருந்தால்தானே பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ள முடியும்!