இரத்தப் புற்றுநோயும் தலைவிதியும்

நம் மக்களில் ஒருவருக்குக் கொடிய வியாதி வந்துவிட்டால், வைத்தியர் சொன்னது என்னவென்று கேட்பதற்கு முன்பே, "போன ஜன்மத்துப் பாவம்", "தலைவிதி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகின்றார்கள். நோயின் துன்பம் போதாதென்று நோயாளிக்குக் குற்றவாளிப் பட்டமும் சேருகின்றது. அதோடும் நிற்பதில்லை. அந்த வீட்டில் பெண் எடுக்கவும் பெண் கொடுக்கவும் யோசிக்கின்றார்கள். ஆகவே இத்தலைவிதிக்கு ஏதாவது ஆதாரமுண்டா என்பதை ஒரு வியாதியை வைத்தே பரீட்சித்துப் பார்ப்போம்.

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் என்பது ஒன்று. இதில் வெள்ளணுக்கள் அளவு கடந்து பெருகிவிடுகின்றன. 1960-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்போர்டு என்ற இருவர், இந்நோயாளிகளின் அணுக்களில் ஒரு குரோமோசோம் குட்டையாயிருக்கக் கண்டார்கள். 1973-ல் சிக்காகோவில் ஜேனட் ரவுலி என்ற அம்மையார் அதன் காரணத்தைக் கண்டார். 9-வது குரோமோசோமும் 22-வது குரோமோசோமும் முறிந்து, நுனிகள் இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன.

இதனால் என்ன கேடு? அணுவுக்குள் "பெருகு" என்னும் உத்தரவைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்ற புரதங்கள் உண்டு. ஆலைச் சங்கு வேளைக்கு ஊதி நின்றுவிடுவதுபோல, இவையும் வேண்டியபோது வேலை செய்து அடங்கிவிடும். ஏபிஎல் என்பது அத்தகைய ஒரு புரதம். 9-வதிலிருந்த அதன் மரபணு 22-வதிலுள்ள பிசிஆர் மரபணுவோடு ஒட்டிக்கொண்டபோது, அதிலிருந்து உண்டாகும் கலப்புப் புரதத்திற்கு அடங்கத் தெரிவதில்லை. சங்கு இரவும் பகலும் ஊதுகின்றது. அணுக்களும் பெருகிக்கொண்டே போகின்றன. சங்கதி இவ்வளவுதான். இதில் பாவம் எங்கே இருக்கின்றது?

அன்றியும், இப்பிழை பிறந்த பிறகு எலும்பு மஜ்ஜையிலுள்ள ஓர் அணுவில் நேருவதாகும். தாய் தகப்பனிடமிருந்து வருவதுமல்ல, பிள்ளைகளுக்குப் போவதுமல்ல. அப்படியிருக்க, அவ்வீட்டுப் பெண் வேண்டாமென்பதற்கு என்ன நியாயம்? வேறு சில நோய்களில் பிழை வம்சவழியாய் வருவதுண்டு. அங்கும் அது பிழையேயொழியத் தண்டனையல்ல.

விதியென்றால் மாற்ற முடியாதது என்கின்றார்கள். ஆனால் இமாடினிப் என்ற மாத்திரை, அந்தப் புரதம் சக்தி வாங்குமிடத்தை அடைத்துக்கொண்டு சங்கை நிறுத்திவிடுகின்றது. ஆரம்பப் பரிசோதனையில் தக்க அளவு சாப்பிட்ட 54 பேரில் 53 பேருக்கு இரத்த அணுக்களின் எண்ணிக்கை சரியாயிற்று. 2001-ல் அமெரிக்க அரசாங்கம் இதை அங்கீகரித்தது. சிலருக்கு அப்புரதம் மறுபடியும் மாறி மருந்துக்கு அடங்காமற்போவதுண்டு. அதற்கும் அடுத்த மருந்துகளைக் கண்டார்கள். இம்மருந்துக்கு சுவிஸ் கம்பெனி ஒன்று கேட்ட பேடெண்ட் உரிமையை சென்னை பேடெண்ட் அலுவலகம் 2006-ல் மறுத்தது. 2013 ஏப்ரல் 1-ல் சுப்ரீம் கோர்ட்டும் மறுத்துவிட்டது. அதனால் மற்றக் கம்பெனிகள் குறைந்த விலையில் செய்து விற்க வழி நிலைத்தது. விதியை மாற்றியது மாத்திரையென்றால், விலையை மாற்றியது மனிதனுடைய வழக்காகும்.

ஆகவே தோழர்களே! காரணமில்லாமல் உடல் மெலிந்து, அசதியும் இடப்பக்க வயிற்றில் கனமும் கண்டால், ஜாதகத்தைப் புரட்டாதீர்கள்; இரத்தத்தைப் பரிசோதியுங்கள். பரிகாரத்திற்கு வைத்திருக்கும் பணத்தை மருந்துக்குச் செலவிடுங்கள். நோய் குறைந்துவிட்டதென்று வைத்தியரைக் கேளாமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள். நோயாளியைப் பார்த்து, "என்ன பாவம் செய்தாயோ?" என்று கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள்.