தானாக நகரும் ஃபேடரும் டிரான்ஸ்பர் ஆகும் மனிதர்களும்

வெளியூர்த் தமிழ்ச் சங்கங்களில் ரெண்டு விஷயத்துக்கு சண்டை வராமல் இருக்காது. ஒன்று பொங்கல் சாப்பாட்டு மெனு, இன்னொன்று மைக் செட். மெனுவைப் பற்றி எழுதினால் அடி விழும் என்பதால் மைக் செட் பக்கமே போகிறேன் :-)

எங்கள் சங்கத்தில் புதுசாக ஒரு மிக்ஸர் வாங்குவதாகப் பேச்சு. மோட்டார் வைத்த ஃபேடர் உள்ளதுதான் வேண்டும் என்கிறது ஒரு கட்சி. "தானா ஏறி இறங்குறது பார்க்க நல்லாத்தான் இருக்கும், அதுக்கு எதுக்கு சார் கூடுதல் காசு?" என்கிறது இன்னொரு கட்சி. நான் முதல் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

ஃபேடர் தெரியாதவர்களுக்கு: மிக்ஸரில் மேலும் கீழும் தள்ளுகிறோமே, அந்த நீளக் குமிழ்தான். மேலே தள்ளினால் சத்தம் கூடும். மோட்டார் ஃபேடரில் அதற்குக் கீழே ஒரு குட்டி மோட்டாரும், இழுக்க ஒரு பெல்ட்டும் இருக்கும். குமிழ் இப்போது எங்கே நிற்கிறது, எங்கே நிற்க வேண்டும் என்று மிக்ஸர் ஒப்பிட்டுப் பார்த்து, அங்கே கொண்டுபோய் நிறுத்தும்.

இது எதற்குத் தேவை? டிஜிட்டல் மிக்ஸரில் 16 ஃபேடர்தான் இருக்கும், ஆனால் 32 சேனல் ஓடும். ஒரு பட்டனை அழுத்தினால் அதே ஃபேடர்கள் அடுத்த 16 சேனலுக்கு வேலை செய்யும். மோட்டார் இல்லாவிட்டால் குமிழ் பழைய சேனலின் இடத்திலேயே நிற்கும். உள்ளே கணக்கு வேறு, கண்ணுக்குத் தெரிவது வேறு. என்ட்ரி போடாத பாஸ்புக்கைப் பார்த்து செக் எழுதுகிற மாதிரி! குமிழை லேசாகத் தொட்டாலே சத்தம் குதித்து மைக் ஊளையிடக் கூடும். இதைத் தவிர்க்க வேறு வழிகளும் சில மிக்ஸர்களில் உண்டு. 2009-ல் வந்த ப்ரீசோனஸ் ஸ்டுடியோலைவில் மோட்டார் கிடையாது. சேமித்து வைத்த இடம் எது என்று விளக்கு காட்டும், நாம்தான் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பொருத்த வேண்டும். ஸ்டுடியோவில் சரி. அடுத்த ஐட்டத்துக்குப் பிள்ளைகள் மேடை ஏறிவிட்டபோது?

நகரும் ஃபேடர் புதுசும் இல்லை. 1970-களின் இறுதியிலேயே நீவ் கம்பெனியின் நெகாம், லண்டன் ஏர் ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டது. பிறகு 2004-ல் எஸ்.எஸ்.எல். கம்பெனி ஏ.டபிள்யூ.எஸ். 900 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒலி போவது அனலாக் வழியில், கட்டுப்பாடு டிஜிட்டலில். 24 மோட்டார் ஃபேடர்கள். ஃபேடர்கள் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் திருகுகிற குமிழ்களில் மோட்டார் இல்லை. பழைய இடத்தைத் திரை காட்டும், மனிதக் கைதான் திருக வேண்டும்.

இந்தப் பாதிக்குப் பாதி விஷயம்தான் நம் சங்கத்து ஆட்கள் கவனிக்க வேண்டியது. நம் பட்ஜெட்டுக்கு வருகிற யமஹா 01வி96-ஐ (2003) எடுத்துக்கொள்ளுங்கள். 17 மோட்டார் ஃபேடர்கள். சீன் என்று சேமித்து வைத்தால் ஒரே பட்டனில் அத்தனையும் இடத்துக்குப் போய்விடும். ஆனால் மைக்குக்கான கெயின் குமிழ்கள் அனலாக். சீனில் அவை சேராது. போன வருஷம் ஒருவர் திருகி வைத்ததை இந்த வருஷம் யாராவது துடைக்கும்போது நகர்த்தியிருந்தால், ஃபேடர் கம்பீரமாகச் சரியான இடத்தில் நிற்கும், சத்தம் மட்டும் தப்பாக வரும்.

இனி டிரான்ஸ்பர். நம் சங்கங்களில் மைக் செட் பார்ப்பவர் யார்? ரயில்வேயிலோ பேங்கிலோ வேலை பார்க்கும் ஆர்வலர் ஒருவர். மூணு வருஷத்தில் அந்த ஹாலின் குணம் அவருக்கு அத்துப்படி ஆகிவிடும். அப்போதுதான் ஆர்டர் வரும். அவரோடு அத்தனை அனுபவமும் பெட்டி கட்டிப் போய்விடும். அடுத்த பொங்கலுக்குப் புது ஆள் தடுமாறுவார்.

நஷ்டம் யாருக்கு? பள்ளிக்கூடத்தில் இந்தியும் இங்கிலீஷும் மட்டும் பேசும் பிள்ளை, ரெண்டு மாசம் உட்கார்ந்து பத்துக் குறள் மனப்பாடம் செய்திருக்கும். வருஷத்துக்கு ஒரு மேடை. முதல் மூணு குறள் யாருக்கும் கேட்காமல் போனால் திரும்பச் சொல்ல வைப்பீர்களா? ஊரிலிருந்து வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கு என்ன பதில்?

அதனால்தான் மோட்டார் ஃபேடர் வேண்டும் என்கிறேன். அது மாற்றலாகிப் போன ஆளின் கையை ஓரளவு இங்கேயே விட்டுப் போகும். புது ஆள் சீனைக் கூப்பிட்டதும், முன்னால் இருந்தவர் எதை எங்கே வைத்தார் என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் ஏன் வைத்தார் என்பது மோட்டாருக்குத் தெரியாது. அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் வேண்டும். எந்த மைக் எந்த சேனல், கெயின் எந்தக் கோட்டில், "பாட்டுப் பாடுறவங்க மைக்கை விழுங்குவாங்க, பேசுறவங்க ஒரு முழம் தள்ளி நிப்பாங்க" என்பது வரை எழுதி வையுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் கெயின் வரிசையை செல்போனில் ஒரு போட்டோ.

"புது மிக்ஸர்ல கெயினும் சேவ் ஆகுமே?" என்பார்கள். ஆகும். 2012-ல் வந்த பெரிஞ்சர் எக்ஸ்32-ல் 25 மோட்டார் ஃபேடர், கெயினும் நினைவில் நிற்கும். காசு இருந்தால் அதை வாங்குங்கள். அப்போதும் காலி ஹாலில் மதியம் வைத்த அளவு, சாயங்காலம் கூட்டம் நிரம்பினால் பொருந்தாது. மனித உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சும். சீன் ஆரம்பப் புள்ளிதான், அதன் பிறகு காதுதான்.

"டேப்லெட்டே போதும்" கட்சிக்கும் ஒரு வார்த்தை. ரெண்டு கையால் பாட்டை இறக்கிக்கொண்டே பேச்சை ஏற்ற, குனியாமல் மேடையைப் பார்த்துக்கொண்டே செய்ய, தொட்டால் தெரிகிற குமிழ் வேண்டும். முந்நூறு செல்போன் இருக்கும் ஹாலில் வை-ஃபையை நம்பி உட்காருவதும் எனக்குச் சரிப்படாது.

ஆக, வாங்குவோம். எஸ்டிமேட்டில் நோட்டுப் புத்தகத்தையும் சேர்ப்போம். இப்போதே இன்னொருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்குவோம், பத்தாவது படிக்கிற பையனோ பெண்ணோ ஆனால் இன்னும் நல்லது. உங்கள் ஊர்ச் சங்கத்தில் எப்படி என்று சொல்லுங்கள்.

பி.கு: மோட்டார் ஃபேடருக்குத் தூசிதான் எதிரி, மேலே துணி போட்டு மூடுங்கள். சீன் மாறும்போது குமிழைப் பிடித்து நிறுத்தாதீர்கள். சிக்கினால் தையல் மிஷின் எண்ணெய் விடும் நல்ல மனசுக்காரர்களைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். டீ கிளாஸுக்கும் அதே தடை :-)