பருத்தல் பாபமா?

ஒருவரை இழிவுபடுத்த நம் ஜனங்களுக்கு ஜாதி ஒன்று போதாமற் போயிற்று போலும்! கறுத்தவள் என்று பெண்ணைத் தள்ளியவர்களே இன்று பருத்தவள் என்றும் தள்ளுகிறார்கள். பருத்தவன் சோம்பேறி, தின்னிப் பண்டாரம் என்று ஒரு வார்த்தை விசாரியாமலே தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். குஷ்டரோகம் முன்ஜன்மத்துப் பாபம் என்று சொன்ன மூளைக்கும் இந்த மூளைக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்கின்றோம்.

சரீரம் பருப்பதற்குப் பரம்பரை, தூக்கம், வேலை, கையிலுள்ள காசுக்குக் கிடைக்கும் ஆகாரம் எனப் பல காரணங்களுண்டு. படூரையே பாருங்கள். வயலில் குனிந்து நிமிர்ந்த வேலை போய், சிறுசேரியில் நாற்காலியை விட்டு எழாத வேலை வந்துவிட்டது. ராத்திரி முறைக்காரன் கண்ட நேரத்தில் பரோட்டா தின்கிறான். இதில் அவன் குணக்கேடு எங்கே வந்தது?

நிற்க, எடை குறைக்கும் ஊசிகள் வந்திருக்கின்றன. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோவும் ஜூனில் வெகோவியும் நம் நாட்டிற்கு வந்தன. வாரத்திற்கொரு முறை போட்டால் பசி அடங்குகிறது. இவை தாயத்தல்ல, சோதித்தறிந்த மருந்துகள். நீரிழிவாலும் பருமனாலும் வருந்துகிறவர்களுக்கு வைத்தியர் கொடுத்தால் நாம் சந்தோஷப்படுவோமேயொழிய ஆட்சேபியோம். ஊசியால் இளைத்தவரைக் குறுக்குவழிக்காரர் என்று ஏசுவதும் அதே பழைய புத்திதான். ஆனால் வெகோவி மருந்தை நிறுத்திய ஓராண்டில், இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதென்று 2022-ல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. கல்யாணத்திற்கு முன் நாலு மாதம் போட்டுக்கொள்ளும் சரக்கல்ல இது.

2024 ஏப்ரலில் நம் செங்கற்பட்டு ஜில்லாப் பம்மலில், எடை குறைக்க ரணசிகிச்சைக்கு வந்த 26 வயதுப் புதுச்சேரி வாலிபர் மாண்டார். சர்க்கார் விசாரித்து, குறைகள் கண்டு, அந்தத் தனியார் ஆஸ்பத்திரியின் அனுமதியைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. இளைக்க வருகிறவனும் நோயாளிதானே? அவனுக்கு வேண்டிய சகல ஆயத்தமும் செய்ய வேண்டாமா?

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 40 பேர் எடை மிகுந்தவர்கள். 53 பேர் இரத்தசோகையுள்ளவர்கள். அதாவது பருமனென்று பரிகசிக்கப்படுகிறவளுக்கே இரத்தமில்லாதிருக்கலாம். ஒல்லியென்று மெச்சப்படுகிறவனுக்குச் சர்க்கரை வியாதியிருக்கலாம். தராசுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீடுதேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்களுக்குக் கதவைத் திறவுங்கள். பெண்பார்க்க வந்து இடுப்பை அளக்கிறவர்களிடம் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், முதலில் மாப்பிள்ளையினுடையதை.