விதியென்று விட்டுவிடலாமா?

பிரசவத்திலோ சத்திரசிகிச்சையிலோ நேர்ந்த தவற்றினால் உடல்நலம் கெட்ட பெண்கள் எம்மிடையே பலர் உளர். “எல்லாம் விதி” என்று அவர்கள் மௌனமாகி விடுகின்றனர். பிரெஞ்சு மொழி தெரியாத தயக்கம் ஒருபுறம். முறையிட்டால் அகதிக் கோரிக்கை பாதிக்கப்படுமோ என்ற அச்சம் மறுபுறம். கோட்-டெ-நெய்ஜ் வாழ் எம்மவர் இதனைச் சற்று ஆழமாகச் சிந்திக்க வேண்டும்.

கியூபெக் மாகாணத்தில் 1971ஆம் ஆண்டு ஒரு பெண்ணின் மார்பகக் கட்டி அகற்றப்பட்டது. அது புற்றுநோய் என்பதை வைத்தியர் அவருக்குத் தெரிவிக்கவில்லை. 1975இலேயே அவர் உண்மையை அறிந்தார், 1978இல் காலமானார். ‘லஃபெரியேர் எதிர் லோசன்’ என்ற அவ்வழக்கில் கனடிய உயர் நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. தெரிவிக்காமை தவறே என்று ஏற்கப்பட்டது. ஆயினும், அத்தவறுதான் மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை. ஆகவே மன வேதனைக்கும், முன்னரே கிடைத்திருக்கக்கூடிய சிகிச்சையின் நன்மையை இழந்தமைக்குமாக 17,500 டொலர் மாத்திரமே வழங்கப்பட்டது.

இத்தீர்ப்பு எமக்கொரு பாடம். தவறு, பாதிப்பு, இரண்டுக்குமுள்ள தொடர்பு ஆகிய மூன்றையும் நிலைநாட்ட வேண்டும். அதற்கு ஆதாரம் வேண்டும். முதலில் உங்கள் மருத்துவக் கோவையின் பிரதியைக் கேளுங்கள்; அதனைப் பெறுவது உங்கள் உரிமை. நடந்தவற்றைத் திகதியுடன் தமிழிலேனும் எழுதி வையுங்கள்.

வைத்தியசாலைகளுக்கான முறைப்பாட்டு ஆணையாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வைத்தியரின் நடத்தை பற்றிக் கியூபெக் வைத்தியர் கல்லூரியிடமும் முறையிடலாம். ஆனால் இவ்விரண்டும் நட்டஈடு பெற்றுத் தரமாட்டா. நட்டஈட்டுக்கு நீதிமன்றமே செல்ல வேண்டும். அதற்குக் குடியியற் சட்டக்கோவை வழங்கும் காலம் பொதுவாக மூன்றாண்டுகளே. முறைப்பாட்டுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்து அக்காலத்தைத் தவறவிடலாகாது. வருமானம் குறைந்தோர் அரச சட்ட உதவி நிலையத்தை நாடித் தமக்குத் தகுதியுண்டா என விசாரிக்கலாம்.

அகதிக் கோரிக்கை, தாயகத்தில் எமக்குள்ள ஆபத்தைக் கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. வைத்தியர்மீது செய்த முறைப்பாட்டைக் கொண்டன்று. எனவே வீண் அச்சம் வேண்டாம்.

குடும்பத்தவர்க்கும் ஒரு வேண்டுகோள். “ஊர் என்ன சொல்லும்” என்று பாதிக்கப்பட்ட பெண்ணின் வாயை அடைக்காதீர்கள். அவளோடு சட்டத்தரணியிடம் செல்லுங்கள். மொழி தெரிந்த பிள்ளையொன்று வீட்டிலிருப்பினும், தாயின் அந்தரங்க நோயை அப்பிள்ளையைக் கொண்டு மொழிபெயர்ப்பிக்காது, மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேளுங்கள். போரிலிருந்து உயிரைக் காத்து இங்கு வந்த எம் பெண்கள், கேட்டறிய வேண்டியதைக் கேளாமல் உரிமையை இழக்கலாகாது.