ஆறுதல் படத்துக்குப் பிந்தைய கணக்கு

பிரான்சில் ரோன் நதிக்கரையில் இருக்கும் தாரஸ்கோன் நகராட்சியிடம் ஒரு பழைய ஓவியம் உள்ளது. 1856-இல் ஊரை வெள்ளம் சூழ்ந்தபோது பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அங்கு போய் மக்களுக்கு ஆறுதல் சொன்ன காட்சி அது. வரையச் சொன்னது அரசு, வரைந்தவர் பூகெரோ. 1857-இல் பாரிஸ் கலைக்கண்காட்சியிலும் வைத்தார்கள். பேரரசரைச் சுற்றியே படம் அமைந்திருக்கிறது. எந்தக் கரை உடைந்தது, ஏன் உடைந்தது என்பதற்கு அதில் இடமில்லை. இப்படிப்பட்ட படங்களுக்கு இலக்கணம் வகுத்தது அவருடைய பெரியப்பா காலத்து ஓவியம். யாஃபாவில் கொள்ளைநோய் கண்ட வீரர்களை நெப்போலியன் போனபார்ட் பார்க்கப் போனதை 1804-இல் குரோ வரைந்தார். உடன் வந்த அதிகாரி மூக்கைப் பொத்திக்கொள்ள, போனபார்ட் மட்டும் நோயாளியின் கட்டியை வெறுங்கையால் தொடுகிறார். நோயுற்ற தன் வீரர்களுக்கே நஞ்சு கொடுக்கச் சொன்னார் என்ற குற்றச்சாட்டு உலவிய காலத்தில் அவரே வரையச் சொன்ன படம் இது. ஆள்பவரின் கை துயரத்தைத் தொட்டதும், அந்தத் துயரத்தைப் பற்றிய கேள்விகள் படத்துக்கு வெளியே போய்விடுகின்றன.

தூரிகையின் இடத்துக்குக் கேமரா வந்தபிறகும் இந்த அமைப்பு மாறவில்லை. 2015 சென்னை வெள்ளத்தில் நிவாரணப் பொட்டலங்களிலேயே முதல்வரின் படம் ஒட்டப்பட்டதை நாடு பார்த்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை தூத்துக்குடி மாவட்டத்தைப் புரட்டிப்போட்டது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஆதிச்சநல்லூருக்குப் பக்கத்தில் ஸ்ரீவைகுண்டம் தீவாகிப்போனது. அங்கே செந்தூர் எக்ஸ்பிரஸில் சுமார் 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். ஏரல் பாலம் உடைந்தது. டிசம்பர் 21-இல் முதல்வர் வந்தார், 26-இல் மத்திய நிதியமைச்சர் வந்தார். அந்தப் படங்கள் எல்லா நாளிதழ்களிலும் வந்தன. கடலில் ஓட்டும் படகுகளை ஊருக்குள் கொண்டுவந்து ஆட்களை மீட்ட மீனவர்களும், ரயில் பயணிகளுக்குச் சோறாக்கிப் போட்ட புதுக்குடி மக்களும் அந்த அளவுக்கு நம் நினைவில் தங்கவில்லை. உடைந்த குளங்களோ படத்துக்கே வரவில்லை என்று சொல்லலாம். இங்கே உண்மையான கதை குளங்களில்தான் இருக்கிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம். அதன் வடகால், தென்கால் வாய்க்கால்கள் நிரப்பும் குளங்கள் ஒன்றின் மறுகால் (உபரிநீர் வழி) அடுத்ததற்குப் பாயும்படி கோக்கப்பட்டவை. மேலே ஒரு கரை உடைந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் கீழே உள்ள கரையின் தலையில் விழும். மண் மேடிட்ட குளமும் அடைபட்ட மறுகாலும் வெள்ளத்துக்குப் பல ஆண்டுகள் முன்பே ஆபத்தைச் சேர்த்துவைக்கின்றன.

வராத ஆட்சியாளரைவிட வந்தவர் மேல் அல்லவா என்று கேட்பார்கள். மேல்தான், மறுப்பதற்கில்லை. 1876-இல் சென்னை மாகாணத்தில் பெரும்பஞ்சம் தொடங்கியது. மக்கள் பட்டினியில் செத்துக்கொண்டிருந்தபோது, 1877 ஜனவரி 1 அன்று வைஸ்ராய் லிட்டன் டெல்லியில் தர்பார் நடத்தி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். பிரின்செப் என்ற ஓவியரைக் கொண்டு பிரம்மாண்டமாக வரையவைத்ததும் அந்தத் தர்பாரைத்தான். அதோடு ஒப்பிட்டால் சேற்றில் இறங்கி நடக்கும் தலைவர் எவ்வளவோ மேல். தலைவர் வந்தால்தான் அதிகாரிகள் ஓடுவார்கள், கோப்பு நகரும் என்பதும் உண்மை. வீடிழந்தவருக்கு ஒரு வார்த்தை ஆறுதலும் பெரிதுதான். ஆனால் இந்த நியாயங்கள் எல்லாம் வருகைக்குப் பொருந்துகின்றன. படத்தைப் பார்த்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நாம் நம்பிவிடுவதற்கு இவற்றில் ஒன்றுகூடப் பொருந்தாது.

தாரஸ்கோனுக்கே திரும்பிப் பார்த்தால் இது விளங்கும். மூன்றாம் நெப்போலியன் அந்தப் பயணத்தோடு நிற்கவில்லை. 1856 ஜூலையிலேயே வெள்ளத் தடுப்புப் பணிகள் குறித்துத் தன் அமைச்சருக்கு விரிவாகக் கடிதம் எழுதினார்; 1858 மே 28 அன்று நகரங்களை வெள்ளத்திலிருந்து காக்கும் பணிகளுக்கென்று தனிச் சட்டமே வந்தது. அவர் வந்துபோனதற்கு மதிப்புக் கொடுப்பது அந்தச் சட்டம்தான். பூகெரோவின் ஓவியம் அல்ல. ஆகவே ஆறுதல் படத்தை ஒரு கடன் பத்திரமாகவே நாம் வாசிக்க வேண்டும்: கையெழுத்துப் போட்டவர் எவ்வளவு திருப்பிக் கொடுத்தார் என்று பின்னால் கேட்பதற்கான தாள் அது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதே அளவுகோல்தான். தமிழ் நாளிதழ்கள் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு டிசம்பர் 18-ஆம் தேதியும் 2023-இல் வெளியிட்ட அதே படங்களை மறுபடி அச்சிட்டு, பக்கத்திலேயே எந்தக் குளம் தூர்வாரப்பட்டது, எந்தக் கரை பலப்பட்டது, எந்த மறுகால் இன்னும் அடைபட்டுக் கிடக்கிறது என்று ஊர் ஊராகப் பட்டியல் போடட்டும்.