மாற்று வழி இருந்தால் போதுமா?

"ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல். கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் 'சுவிட்ச்' என்னும் கருவியை அமைப்போரும் இதையே பின்பற்றுகின்றனர். மின்சாரம் தரும் பகுதி இரண்டு, கம்பி இரண்டு, பாதை இரண்டு. ஒன்று பழுதானால் மற்றது வேலையை ஏற்கும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் உதிரி இருக்கிறது என்ற நிம்மதியே ஆபத்தாக முடியக்கூடும் என்பது எங்கள் கருத்து.

இரு பாதைகளால் வரும் தொல்லை விந்தையானது. எல்லாக் கணிப்பொறிகளுக்குமாக அனுப்பப்படும் செய்தி ஒரு பாதையில் போய் மறு பாதையில் திரும்பி வரும், மீண்டும் போகும். ஈதர்நெட் செய்திக்கு ஆயுள் வரம்பு கிடையாது. ஆகவே அது சுற்றிச் சுற்றிப் பெருகி, சில நொடிகளில் வலை முழுவதையும் திணற அடிக்கும். இதற்குத் தீர்வு கண்டவர் ஒரு பெண்மணி என்பதில் தோழியர் அனைவரும் பெருமை கொள்ளலாம். 1985-இல் அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ரேடியா பெர்ல்மன் 'ஸ்பேனிங் ட்ரீ' என்ற முறையை வகுத்தார். சுவிட்சுகள் தமக்குள் பேசி, ஒன்றைத் தலைமையாக ஏற்று, மிகுதியான பாதைகளை மூடி வைக்கும். திறந்த பாதை அறுந்தால் மூடியது திறக்கும்.

அப்படியும் 2002 நவம்பரில், பாஸ்டன் நகரின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில் வலை பல நாட்கள் தடுமாறியது. மாற்றுப் பாதைக்கா குறைவு? வலை சிறிது சிறிதாக ஒட்டுப்போட்டு வளர்ந்திருந்தது. செய்தி கடக்கும் சுவிட்சுகள் ஏழுக்கு மேல் போகலாகாது என்ற வரம்பு மீறப்பட்டிருந்தது. ஆராய்ச்சிப் பணி ஒன்றின் பெருஞ்சுமை வந்ததும் ஸ்பேனிங் ட்ரீ நிலைகுலைந்தது. மருத்துவர்களும் செவிலியரும் காகிதத்துக்குத் திரும்பினர். நடந்ததை மூடி மறைக்காமல் வெளியுலகுக்கு எடுத்துரைத்தார், அங்கே தகவல் துறைத் தலைவராக இருந்த ஜான் ஹலாம்கா. பாராட்டத் தக்க செயல்.

இன்னொரு வகைப் பழுது ஓசையற்றது. மின்சாரம் தரும் இரு பகுதிகளில் ஒன்று செத்தாலும் சுவிட்ச் நிற்பதில்லை. ஒரு சிறு விளக்கு நிறம் மாறும். பதிவேட்டில் ஒரு வரி சேரும். பூட்டிய அறையில் அதைப் பார்ப்பவர் யார்? இரண்டாவதும் போன பிறகே ஓட்டம் தொடங்குகிறது. இரண்டு இருந்ததனாலேயே முதல் பழுது தெரியாமல் போயிற்று! இரண்டாவது கருவிக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்குவோர், பதிவேட்டைப் படிக்கும் ஆளுக்கு ஒதுக்கத் தயங்குவது ஏன் என்பது எங்களுக்கு விளங்கவில்லை.

ஆளை அமர்த்துவதோடு சோதனையும் வேண்டும். வேலை குறைந்த ஒரு நாளில், எல்லோருக்கும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றே ஒரு கம்பியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பழைய முறையில் மாற்றுப் பாதை திறக்க 50 நொடி வரை ஆகும். 2001-இல் வந்த விரைவு முறையில் சில நொடிகளே. ஆன நேரத்தை ஏட்டில் குறித்து, அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். "இப்போது எல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று சொல்லி இதைத் தள்ளிப்போடுவதை, அதுவும் மருத்துவமனையில், எங்களால் ஏற்க முடியவில்லை.