ஒரு சொல்லுக்கு என்ன விலை? கூகிள் விளம்பரமும் வடக்கின் சிறுதொழில்களும்

போருக்குப் பிறகு வடக்குக்கு வந்த வாழ்வாதார உதவிகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கோழிக்குஞ்சும் ஆடும் வந்தன. பிறகு தையல் மெஷின். பிறகு நுண்கடன். அந்தக் கடனால் பெண்கள் பட்ட பாடு, 2018இல் அரசாங்கமே அதில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்வதாக அறிவிக்கும் அளவுக்குப் போனது. இப்போது டிஜிட்டல் மார்க்கெட்டிங்கின் முறை. இரண்டு நாள் பயிற்சி, மதியச் சாப்பாடு, கடைசியில் ஒரு சான்றிதழ்.

இந்தப் பயிற்சிகள் சிலவற்றில் போய் இருந்திருக்கிறேன். முகநூல் பக்கம் திறப்பது, படம் எடுப்பது, வட்ஸ்அப்பில் விலைப்பட்டியல் போடுவது எல்லாம் நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். கூகிள் தேடலில் காசு கட்டி விளம்பரம் போடுவது கடைசி ஒரு மணித்தியாலத்துக்குள் அடங்கிவிடுகிறது. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று காட்டுகிறார்கள். காசு எந்த ஓட்டை வழியாகப் போகும் என்று காட்டுவதில்லை. ஊடகக் கற்கையில் பட்டம் எடுத்த எனக்கும் இது புதுப்பாடம்தான். கிளிநொச்சியில் வீட்டிலிருந்து கேக் அடித்துக் கொடுக்கும் ஓர் அக்காவோடு சேர்ந்து அடியிலிருந்து படித்தேன். முதல் நாளே அவர் கேட்டது இதுதான்: "தம்பி, காசு கட்டினா ஓடர் வருமோ, இல்லாட்டி ஆக்கள் பாத்திட்டுப் போயிடுவினமோ?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, இந்த வியாபாரம் நடக்கும் விதத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். பத்திரிகை விளம்பரத்தில் இடத்துக்குக் காசு. கூகிளில் சொல்லுக்குக் காசு. ஒருவர் ஒரு சொல்லைத் தேடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லை விரும்பும் விளம்பரதாரர்களுக்கிடையே கண் இமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. கூடக் கேட்டவர்தான் வெல்வார் என்றில்லை. தேடியவரின் தேவையோடு விளம்பரம் எவ்வளவு பொருந்துகிறது, கிளிக் பண்ணிப் போனால் அங்கே உருப்படியான பக்கம் இருக்கிறதா என்பதையும் கூகிள் கணக்கில் எடுக்கிறது. பார்த்ததற்குக் காசு இல்லை, கிளிக் பண்ணினால்தான் காசு. சிறிய ஆட்களுக்குக் கொஞ்சமாவது இடம் கிடைப்பது இதனால்தான்.

ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: ஆராவது தேடுகிறார்களா? தேடல் விளம்பரம் ஆசையை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே தேடுபவரின் முன்னால் போய் நிற்கிறது, அவ்வளவுதான். கிளிநொச்சியில் இருப்பவர் கேக் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் விசாரிப்பார். தேடுபவர் ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறார். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவின் பிறந்தநாளுக்குக் கேக் அனுப்ப நினைக்கும் மகனோ மகளோ, இரவு வேலை முடிந்து வந்து கைத்தொலைபேசியில் தேடுகிறார். பெரும்பாலும் ஆங்கிலத்தில், அல்லது ஆங்கில எழுத்தில் தமிழை. கூகிள் தன் விளம்பரச் சேவையில் தமிழைச் சேர்த்தது 2018இல்தான். தமிழ்ச் சொற்களுக்குப் போட்டி குறைவு, விலையும் குறைவு என்று பயிற்சிகளில் சொல்வது சரிதான். தேடும் ஆட்களும் குறைவு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூகிள் கணக்குத் திறந்தால் கிடைக்கும் சொல் திட்டமிடல் கருவியில், ஒரு சொல்லை மாதத்துக்கு ஏறத்தாழ எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காசு செலவழிக்க முன்னரே பார்க்கலாம். வாழ்வாதாரப் பயிற்சி எதுவும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். தேடுவார் இல்லாத பொருளுக்கு இந்த வழி சரிவராது என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

அடுத்தது அமைப்புகள். புதிதாக வருபவருக்காகக் கூகிள் பலவற்றைத் தானாகவே தெரிவு செய்து வைத்திருக்கிறது. அவை பெரும்பாலும் காசைக் கூடச் செலவழிக்கும் பக்கமே சாய்ந்திருக்கின்றன. 'கேக்' என்று ஒரு சொல்லைக் கொடுத்தால், கேக் செய்வது எப்படி என்று தேடுபவருக்கும் கேக் வகுப்புத் தேடுபவருக்கும் உங்கள் விளம்பரம் போகும். அவர் கிளிக் பண்ணினால் காசு உங்களுடையது. ஆகவே சொல்லை அப்படியே கொடுக்காமல், மேற்கோள்குறிக்குள்ளோ சதுர அடைப்புக்குள்ளோ போட்டு இறுக்க வேண்டும். 'செய்முறை', 'வகுப்பு', 'வேலை' போன்றவற்றை விலக்குச் சொற்களாகப் போட வேண்டும். என்ன தேடியவர்கள் உள்ளே வந்தார்கள் என்ற அறிக்கையைக் கிழமைக்கு ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். அக்கா இதைச் சந்தைக்குப் போய் வந்து கணக்குப் பார்ப்பது போலவே செய்கிறார். எனக்குத் தெரிந்த பட்டதாரிகளைவிட வேகமாகப் பிடித்துக்கொண்டார்.

இடத்தைத் தெரிவு செய்யும்போதும் அப்படித்தான். கிளிநொச்சி என்று போட்டால், கிளிநொச்சியில் இருப்பவர்கள் மட்டுமல்ல, அதில் 'ஆர்வம் காட்டியவர்கள்' என்று கூகிள் கருதும் வெளிநாட்டவர்களும் தானாகவே சேர்க்கப்படுகிறார்கள். கேக்குக்கு இது நல்லது. முச்சக்கரவண்டி திருத்தும் கடைக்கு வீண்செலவு. தேடலுக்கு வெளியே மற்ற இணையத்தளங்களிலும் விளம்பரத்தைக் காட்டும் தெரிவும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கும். தொடக்கத்தில் அதை எடுத்துவிடுவது நல்லது.

நாளாந்தச் செலவு 500 ரூபாய் என்று குறித்தால் ஒரு நாளில் 500தான் போகும் என்று எவரும் நினைப்பார்கள். தேடல் கூடிய நாளில் அதன் இருமடங்கு, 1,000 ரூபாய் வரை கூகிள் எடுக்கலாம். மாதத்துக்குத்தான் வரம்பு: நாளாந்தத் தொகையை 30.4ஆல் பெருக்கினால் வருவது, அதாவது 15,200 ரூபாய். கொழும்பில் ஒரு நிறுவனத்துக்கு இது சில்லறை. குழுக்கடன் கட்டும் வீட்டுக்கு ஒரே நாளில் 1,000 ரூபாய் போவது, அந்தக் கிழமைத் தவணை தவறுவது. 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறிய மாதங்களை மறக்காதவர்களுக்கு, விலையை வேறொருவர் தீர்மானிக்கும் கொடுக்கல்வாங்கலின் ஆபத்தை விளக்கத் தேவையில்லை.

இது எங்களுடைய சந்தேகப் புத்தி மட்டுமல்ல. 2024 ஓகஸ்டில் அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா, பொதுத் தேடலிலும் தேடல்சார் எழுத்து விளம்பரத்திலும் கூகிள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைத் தக்கவைத்ததாகத் தீர்ப்பளித்தார். போட்டியாளருக்குப் பயப்படாமல் விளம்பர விலையை அதனால் கூட்ட முடிந்தது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. பெரிய நிறுவனங்களே விலையைத் தட்டிக் கேட்க முடியாத சந்தையில்தான், இரண்டு நாள் பயிற்சியோடு எங்கள் பெண்களை இறக்கிவிடுகிறோம். இறக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பயிற்சி தரும் நிறுவனங்கள் முதல் மூன்று மாத விளம்பரச் செலவையும் தாங்கள் ஏற்று, கணக்கைக் கூட இருந்து பார்க்க வேண்டும். தையல் மெஷின் கொடுத்தபோது நூலும் கொடுத்தார்கள்தானே.

இந்தக் கருவியைப் படிக்கப் படிக்க, விற்கும் பக்கத்தைவிடத் தேடும் பக்கம்தான் என்னைக் கூட யோசிக்க வைத்தது. எந்தச் சொல்லுக்கு விளம்பரம் வருகிறது என்று ஊரில் இருந்தே தேடிப் பார்த்தேன். காணாமல் ஆக்கப்பட்டோர் பற்றியும் காணி விடுவிப்புப் பற்றியும் தேடினால் ஒரு விளம்பரமும் இல்லை. அந்தச் சொற்களை ஏலத்தில் கேட்பார் இல்லை. கனடா விசா என்று தேடினால் பதில்களுக்கு மேலே விளம்பரங்கள். உடனடிக் கடன் என்றாலும் அப்படித்தான். 60 நாட்களுக்குள் முழுவதும் திருப்பிக் கட்ட வேண்டிய தனிநபர் கடன்களின் விளம்பரத்தைக் கூகிள் 2016இல் தடைசெய்தது. தவணை அதைவிட நீளமென்றால் அந்தத் தடை பொருந்தாது.

2022 நவம்பரில், கனடா போகும் நம்பிக்கையில் படகேறிய 300க்கும் மேற்பட்ட இலங்கையர்கள் நடுக்கடலில் மீட்கப்பட்டு வியட்நாமில் இறக்கப்பட்டார்கள். அவர்கள் விளம்பரம் பார்த்துப் போனார்கள் என்பதல்ல நான் சொல்வது. அப்படியொரு அவசரத்தோடு இருப்பவர் தேடும் சொல்லுக்கு விலை இருக்கிறது, அதைக் காசு கொடுத்து வாங்குபவர் முதலாவதாக அவர் கண்ணில் படுகிறார். மேலே இருப்பது நம்பகமானது என்று எங்கள் வீடுகளில் இன்னும் நினைக்கிறார்கள். அது காசு கட்டிய இடம்.

விளம்பரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளை அழுத்தினால் அதைப் போட்டவரின் பெயரும் நாடும் தெரியும். கூகிள் 2023இல் திறந்த விளம்பர வெளிப்படைத்தன்மை மையத்தில் அதே ஆள் போட்ட மற்ற விளம்பரங்களையும் பார்க்கலாம். கனடாவில் வேலை என்று சொல்பவரின் பெயர் வேறெங்கோ பதிவாகியிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பெயர் இலங்கை முகவருடையது என்றால், காசு கட்ட முன்னர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து, அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா, அந்த வேலைக்குப் பணியகம் ஒப்புதல் கொடுத்திருக்கிறதா என்று இரண்டையும் கேளுங்கள். முகவருக்கு அனுமதி இருந்து, அவர் காட்டும் வேலைக்கு ஒப்புதல் இல்லாமலும் இருக்கலாம்.